பாட்டியின் டேபிள் ஃபேனும் என் கிராபிக்ஸ் கார்டும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் படிப்பது மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கழற்றி, மாட்டி, வீட்டில் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது. ஆனால் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நல்ல மார்க். அந்த மார்க்குக்கும் என் மண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் கீழே வரும் கதை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாசத்தில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டு பெட்ரூம். ஒன்றில் அப்பா, அம்மா, ஏசி. இன்னொன்றில் நானும் பாட்டியும். பாட்டிக்கு ஏசி ஆகாது, முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே எங்கள் ரூமுக்கு ஒரு சீலிங் ஃபேன், பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். தாத்தா வாங்கியது. என்னைவிட வயதில் மூத்தது, என்னைவிட ஒழுங்காக வேலை செய்வது (இது அம்மாவின் கருத்து).

மந்தைவெளியில் இரண்டு பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து ஒன்றரை வருஷம் சேர்த்த காசில், தி.நகரில் ஒரு அண்ணனிடம் செகண்ட் ஹேண்டாக ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன். "மைனிங்கில் ஓடினதாண்ணா?" என்று கேட்டேன். "சேச்சே, கேம் மட்டும்தான் தம்பி" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறையையே கைவிட்டபோது, ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுக்க சந்தைக்கு வந்து குவிந்தன. அதில் ஒன்று என் வீட்டுக்கு வந்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை.

வாங்கியது டிசம்பரில். ஜனவரியில் சைபர்பங்க் 2077 ஓடும்போது கார்டு 71 டிகிரி. மார்ச்சில் 76. மே முதல் வாரம், கத்திரி ஆரம்பித்த அன்று, 84. இந்தக் கார்டின் உச்சவரம்பு 93 என்று என்விடியா போட்டிருக்கிறது. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே, 83-ஐ ஒட்டி, கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். படம் விக்கி விக்கி ஓடும். ஒன்றரை வருஷ டியூஷன் காசு விக்குவது போல இருக்கும்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் இதே கார்டுக்கு 65 டிகிரி காட்டுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் என்று வயிறு எரியும். அவர்கள் சோதிப்பது 21, 22 டிகிரி ரூமில். ஃபேன் வைத்த எந்தக் கூலரும் கார்டின் சூட்டை ரூம் காற்றிடம் தள்ளிவிடுகிற வேலையைத்தான் செய்கிறது. காற்றைவிடக் கீழே அதால் இறக்க முடியாது. ரூம் ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். 22-க்கும் எங்கள் ரூமின் 36-க்கும் வித்தியாசம் 14. அங்கே 65 என்றால் இங்கே 79-க்குக் குறைய வாய்ப்பே இல்லை. என் கணக்கில் ஜனவரிக்கும் மேக்கும் ரூம் வித்தியாசம் 9 டிகிரிதான், கார்டோ 13 ஏறியிருந்தது. மீதி 4 டிகிரி தூசி. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போது நான் செய்த புத்திசாலித்தனம் இது: கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, பாட்டியின் டேபிள் ஃபேனை எடுத்து நேராக உள்ளே அடிக்கிற மாதிரி வைத்தேன். 84 சட்டென்று 77 ஆனது. "உனக்கு வேணும்னா வெச்சுக்கோடா, எனக்கு மேல ஓடறதே போதும்" என்றாள் பாட்டி. காலேஜ் லீவு. தினமும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணி வரை நான் வேறு உலகத்தில் இருப்பேன். பாட்டி எனக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருப்பாள். "என்னடா இது, ரூம் அடுப்பங்கரை மாதிரின்னா இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னது காதில் விழுந்தது. மே மாசம்தானே என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் மே மாசத்து மத்தியானம் கடல் காற்றின் கையில் இருக்கிறது. பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கிழக்கிலிருந்து வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்குக் காற்று பலமாக இருந்து அதைத் தடுத்துவிட்டால் 40-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று 45 டிகிரி வரை போனது இந்த ஊரில். நான் சொல்லும் நாள் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நாலு மணி வரை காற்று வரவில்லை. பாட்டி எழுந்து நின்றவள், அப்படியே கட்டில் விளிம்பில் சரிந்து உட்கார்ந்தாள். நான் ஹெட்போனில் இருந்தேன். சொம்பு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா ஓடி வந்து என் தோளைத் தட்டியபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். வயசு, வெயில், தண்ணீர் போதவில்லை, போதாக்குறைக்கு பிரஷர் மாத்திரை என்றார். உப்புச் சர்க்கரைக் கரைசல், இரண்டு நாள் ஓய்வு. யாரும் என் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள், கார்டு ஆராய்ச்சிக்காக வாங்கிய சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை முதல் முறையாகப் பாட்டியின் தலையணை பக்கத்தில் வைத்தேன். மெஷினை ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் அங்கே 38.5. ஹாலில் 35.5.

இதற்கான கணக்கு இரண்டாம் வருஷப் பாடத்தில் இருக்கிறது. கார்டு 170 வாட், பிராசஸர், மானிட்டர், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது எல்லாம் சேர்த்து சுமார் 300 வாட். உள்ளே போகும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் விடும் சூடு சுமார் 100 வாட். அதாவது பாட்டி தூங்கும் ரூமில் கூடுதலாக மூன்று பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பத்தடி ரூமில், பத்தடி உயரம் என்று வைத்தால், காற்றின் எடை சுமார் 32 கிலோ. 300 வாட்டை ஒரு மணி நேரம் அந்தக் காற்றுக்கு மட்டும் கொடுத்தால் 33 டிகிரி ஏறவேண்டும். சுவரும் தரையும் ஜன்னலும் வாங்கிக்கொள்வதால்தான் மூன்றோடு நின்றது.

டேபிள் ஃபேன் கார்டை 77-க்கு இறக்கியபோது நான் என்ன நினைத்தேன்? சூடு குறைந்துவிட்டது என்று. சூடு எங்கேயும் போகவில்லை, கார்டிலிருந்து சீக்கிரமாக ரூமுக்கு வந்தது, அவ்வளவுதான். ரூமைப் பொறுத்தவரை 84-ம் ஒன்று, 77-ம் ஒன்று. இன்னும் சொல்லப்போனால் 84-ல் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. நான் ஃபேன் வைத்து அந்தக் குறைப்பையும் எடுத்துவிட்டேன்.

சரி, பிராயச்சித்தம். கார்டைக் கழற்றினேன். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கறுப்பாக, கம்பளி மாதிரி ஒரு அடை. முகர்ந்து பார்த்தால் சாம்பிராணி வாசனை! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாட்டி ரூம் ரூமாகக் காட்டும் சாம்பிராணிப் புகை, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு, கடலோர ஈரம் மூன்றும் சேர்ந்தால் தூசி தூசியாக இருக்காது, பசையாகிவிடும். ப்ளோயர் வைத்து ஊதினால் போகாது. பழைய டூத் பிரஷ்ஷால் அரை மணி நேரம் வேலை. (ப்ளோயர் அடிக்கும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும்.)

பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. துடைக்கும்போது, மெமரி சிப் மேல் ஒட்டும் தெர்மல் பேட் ஒன்றைக் கிழித்துவிட்டேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடை. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை எம்எம் தம்பி?" முழித்தேன். "அளந்துட்டு வா. மெலிசா போட்டா மெமரி தொடாது, தடியா போட்டா நடு சிப் தொடாது. ரெண்டுமே கார்டுக்கு ஆகாது." திரும்ப மயிலாப்பூர், திரும்ப ரிச்சி தெரு. என் ப்ரொஃபசர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாக கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் சொல்லிக்கொடுத்ததில்லை.

இதெல்லாம் கார்டுக்கு. பாட்டிக்குச் செய்ய வேண்டியது வாட்டைக் குறைப்பது. அதற்கு வழி அண்டர்வோல்ட். சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதம், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு விகிதம். லட்சக்கணக்கில் தயாரிக்கும்போது மட்டமான சிப்பும் ஓட வேண்டுமே என்று கம்பெனிகள் வோல்டேஜைத் தாராளமாக வைக்கின்றன. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் 1.05 வோல்ட்டை 0.85-க்கும், வேகத்தை 1900-லிருந்து 1800 மெகாஹெர்ட்ஸுக்கும் இறக்கினேன். வேகத்தில் போனது ஐந்து சதவீதம். கணக்குப்படி சிப்பின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறையவேண்டும். மெமரி, கார்டின் ஃபேன் எல்லாம் சேர்ந்து 170 இருந்தது 120-க்கு வந்தது. கேமை 60 ஃப்ரேமில் பூட்டியதும் பல இடங்களில் 100-க்கும் கீழே. என் மானிட்டரே 60 ஹெர்ட்ஸ்தான். இத்தனை நாள் கண்ணுக்கே தெரியாத ஃப்ரேம்களுக்காக ரூமைச் சுட வைத்திருக்கிறேன். உங்கள் சிப்புக்கு இதே எண் ஒத்துவரும் என்று இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கேம் முறிந்து விழுந்தால் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுச் சூடு புதுப் பிரச்சினையும் இல்லை. 2003-ல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் கூலர் போட்ட சத்தத்துக்கு, என்விடியாவே தன்னைக் கிண்டலடித்து வீடியோ எடுத்தது. 2008-ல் வேறு மாதிரி: லேப்டாப் சிப்களின் அடியில் உள்ள ஈயப் பொட்டுகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விட்டன. அந்தச் செலவுக்காக அந்தக் கம்பெனி கிட்டத்தட்ட 20 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-இன் சிவப்பு வளையத்துக்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது. நிலையாக 80-ல் நிற்பதைவிட, ஏறி இறங்குவதுதான் அந்தப் பொட்டுகளுக்கு எமன். ஆனால் போகிற போக்கு சரியில்லை. 2022-இன் 4090 கார்டு 450 வாட். 2025 ஜனவரியில் வந்த 5090, 575 வாட். கிட்டத்தட்ட ஆறு ஆள். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியதே 3500 வாட்தான். இதை வாங்குபவர்கள் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது மெஷின் ஹாலில். கிழக்கு ஜன்னலை ஒட்டி வைக்கத்தான் ஆசை, ஆனால் நேரடி உப்புக் காற்று ஸ்க்ரூவைக்கூட விடாது என்பதால் எதிர்ச் சுவர் ஓரம். ஹால் என்பதால் ஏழு மணிக்கு மேல் சீரியல்களுக்கு நான் எழுந்துவிட வேண்டும். டேபிள் ஃபேன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. பாட்டி சில சமயம் ஹாலைக் கடக்கும்போது, "இன்னிக்கு எவ்வளவுடா ஜுரம் உன் மெஷினுக்கு?" என்று கேட்பாள். "66 பாட்டி." "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை டூத் பிரஷ்ஷோடு உட்காருகிறேன்.