ஒரே பெயர், இரு கரைகள்

முத்துக்குளித்துறைப் பங்குகளின் பதிவேடுகளில் பெர்னாந்து என்னும் பெயர் மிகுதி. 1530-களில் நம் கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களையும் ஏற்றனர். அதே பெயர் மன்னார் வளைகுடாவின் அக்கரையில், நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் சிங்கள இல்லங்களில் வழங்குகிறது.

அப்பெயர் தாங்கிய ஒருவர் கிளான்சி பெர்னாந்து. உள்நாட்டுப் போர் மூண்டு எட்டாண்டுகள் சென்றபின், 1991 நவம்பரில் இலங்கைக் கடற்படையின் தளபதியானார். ஓராண்டே அப்பதவியில் இருந்தார். 1992 நவம்பர் 16 காலை, கொழும்பு காலிமுகத்திடலருகே, வெடிமருந்து நிறைந்த மோட்டார் சைக்கிளொன்று அவரது காரின்மீது மோதியது. அவரும் மாண்டார், மோதியவரும் மாண்டார்.

இப்போரை இரு மொழிகளின் போர் என்று சுருக்கிவிடுகிறோம். ஆனால் அதே கடற்படையை 1960 முதல் 1970 வரை நடத்திய ராஜன் கதிர்காமர் ஒரு தமிழர். அவருடைய தம்பி லக்ஷ்மன் கதிர்காமர் வெளியுறவு அமைச்சராயிருந்தபோது 2005-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜனுக்குப் பின் தமிழர் ஒருவர் அப்பதவிக்கு வர 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு வந்த டிராவிஸ் சின்னையா 1982-இல் படையில் சேர்ந்தவர். மறு ஆண்டு ஜூலையில் தமிழரின் வீடுகள் எரிந்தன. தம் இனத்தவர் எரிக்கப்பட்ட நாட்டின் சீருடையை அணிந்து கடலில் நின்ற அம்மனிதரின் உள்ளத்தை எத்தராசில் நிறுப்போம்?

இவ்விடத்தில் ஒன்றை மறைத்துப் பேசுவது முறையன்று. அக்கடற்படையின் குண்டுக்குத் தமிழக மீனவர் பலர் பலியாயினர். கரையில் காத்திருந்த பெண்கள் கைம்பெண்களாயினர். கட்டளையிடுவோர் அதற்குப் பொறுப்புச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு தளபதியின் கொடிய சாவு அக்கணக்கைத் தீர்த்துவிடாது. அக்கணக்கும் அச்சாவைக் கொண்டாடத் தகுந்ததாக்கிவிடாது. பொறுப்பைக் கேட்பது நீதி. சாவில் மகிழ்வது பழி. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவரையில், 2009-இல் ஓய்ந்த போர் நம் நெஞ்சில் ஓய்ந்ததாகாது.

நவம்பர், இறந்தோரை நினைக்கும் மாதம். பெர்னாந்து என்னும் பெயரை நம் பீடங்களில் பன்முறை வாசிக்கிறோம். கடலில் சுடப்பட்டு மாண்ட மீனவனுக்காக மன்றாடும் அதே நாவால், காலிமுகத்திடலில் மாண்டோருக்காகவும் மன்றாட நம்மால் இயலுமா? எளிதன்று. எனினும் அன்பு வாசகரே, பகைவருக்காக மன்றாடுங்கள் என்று நமக்கு இடப்பட்ட கட்டளை, எளிதாயிருக்கும் நாளுக்காக மட்டும் இடப்பட்டதன்று.