வாப்பா அறுக்காமல் விட்ட கௌபி

போன கிழமை தரம் எட்டில் இஸ்லாம் பாடம். நாம் வைத்த பயிரில் ஒரு பிராணி வாய் வைத்தாலும் அது நமக்கு ஸதகாவாக எழுதப்படும் என்று வரும் ஹதீஸை விளக்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வாப்பாவின் கதையையும் சொன்னேன். சேனையில் கௌபி அறுக்கும்போது காட்டோரமாக நாலைந்து வரியை எப்போதும் விட்டுவிடுவார். உம்மா முணுமுணுப்பா. "அதுகளுக்கும் ரிஸ்க் இரிக்கிதானே" என்பார் வாப்பா. இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிவரும் கதை இது.

பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் கையைத் தூக்கினான்.

"சேர், மான் வந்து தின்னட்டும் எண்டு பயிர் வெச்சு, வந்த மானுக்கே வெடி வெச்சா அது நன்மையா பாவமா? யூடியூப்ல பார்த்தன், அமெரிக்காவுல அப்பிடித்தான் செய்றாங்க."

வகுப்பே சிரித்தது. நான் "நாளைக்குச் சொல்றன்" என்று புத்தகத்தை மூடினேன்.

அவன் பார்த்தது உண்மைதான். என் ராத்தாட மகன் மிச்சிகனில் இருக்கிறான். கூட வேலை செய்யும் ஒருவருக்கு நாற்பது ஏக்கர் காட்டுக்காணி. அதில் இரண்டு இடத்தில் மரங்களுக்கு நடுவே வெட்டவெளி எடுத்து, மானுக்கென்றே பயிர் செய்கிறார்கள். இரவு போன் எடுத்துக் கேட்டேன். பொடியன் ஒரு மணித்தியாலம் பேசினான். ஊரில் இருந்தபோது வட்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன்!

முதலில் மண்ணைப் பரிசோதிக்க அனுப்புவார்களாம். காட்டு மண் புளிப்பு, பி.எச். 6க்கு மேல் வரும்வரை சுண்ணாம்பு போடவேண்டும். வெள்ளைக் குளோவர் ஒருமுறை பிடித்துவிட்டால் மூன்று நான்கு வருஷம் நிற்கும், வேர் முடிச்சால் மண்ணுக்கு நைதரசனும் தரும். ஆனால் களை மேலே வந்து அமுக்காமல் இடைக்கிடை வெட்டிவிட வேண்டும். ஜூலைக் கடைசியில் இருந்து ஓகஸ்ட் நடுவுக்குள் டர்னிப் விதைப்பு. உறைபனி விழுந்த பிறகுதான் அதன் இலை இனிக்கும், அதன் பிறகுதான் மான் அதை விரும்பித் தின்னும். எனக்குப் பிடித்தது கம்பிக்கூடு. இடுப்பளவு உயரத்தில் கம்பிவலையை வட்டமாக வளைத்து பயிருக்குள் நட்டுவிடுவார்கள். கூட்டுக்கு உள்ளே பயிர் முழங்காலுக்கு வளர்ந்து, வெளியே கணுக்காலுக்கு நின்றால், எவ்வளவு தின்கிறது என்று தெரியும். பயிரே இல்லையென்று நினைத்த இடத்தில் மான் தின்று முடித்திருக்கும்.

நவம்பர் 15இல் துவக்கு வேட்டை திறக்கும். லைசன் எடுத்து, மரத்தில் கட்டிய பரணில் ஏறி இருப்பார்கள்.

"வருஷம் முழுக்கச் சாப்பாடு குடுத்துப்போட்டு அண்டைக்குச் சுடுறது ஒரு மாதிரி இல்லையா மகன்?" என்றேன்.

"சுடுறது ஒண்டு ரெண்டு மாமா. மிச்சமெல்லாம் பனி காலத்தில டர்னிப்பக் கிண்டித் தின்னும்" என்றான். பிறகு, "தெற்கு மாநிலங்கள்ல நம்மட கௌபியையே மானுக்கு விதைக்கிறாங்க" என்றான்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் வகுப்பில் சொல்லும் கதையில் ஒன்றை விட்டுவிடுவேன். எங்கள் சேனை லகுகல பக்கம். ஆவணி புரட்டாதியில் வெட்டி எரித்து, மாரி மழையோடு சோளமும் குரக்கனும் கௌபியும் போடுவோம். எனக்குப் பத்து வயதிருக்கும். நிலவு இரவொன்றில் வாப்பா என்னையும் பரணில் ஏற்றினார். மேலே இருந்து பார்த்தபோதுதான் கண்டேன்: அவர் அறுக்காமல் விட்ட வரிகள் காட்டில் தொடங்கி நேரே பரணின் காலடியில் வந்து முடிந்தன.

மூன்று மான்கள் வந்தன. தலையைக் குனிந்து கௌபி தின்னும் சத்தம் கேட்டது. வாப்பா பிஸ்மி சொன்னது எனக்குக் காதோடு கேட்டது. பிறகு வெடி.

இறைச்சி பத்து வீட்டுக்குப் போனது. நானும் தின்றேன்.

இங்கே 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதே 1937இல்தான் அமெரிக்காவில் துவக்கிலும் தோட்டாவிலும் வரி எடுத்து வனவிலங்குக்கே செலவழிக்கும் சட்டம் வந்தது. கிட்டத்தட்ட அழிந்துபோன மான் அங்கே இப்போது கோடிக்கணக்கில் நிற்கிறது. இங்கே புள்ளிமானைச் சுடுவதும் மரை இறைச்சி வைத்திருப்பதும் குற்றம். குற்றமாக இருப்பதுதான் சரி. மருமகன் செய்வதை இங்கே யாரும் செய்து பார்க்கவேண்டாம். கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், விறகுக்குப் போகிறவனின் காலையும் மானின் காலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. வாப்பா அதை ஹராம் என்றே சொல்வார்.

பிரச்சினை காலம் தொடங்கியபோது வாப்பா துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தார். அதன் பிறகும் இரண்டு போகம் சேனை செய்தோம். அந்த இரண்டு போகமும் அதே வரிகளை விட்டார். துவக்கு இல்லை, பரணும் சரிந்து கிடந்தது. உம்மா கேட்டதற்கு அதே பதில்தான்.

பழக்கத்தில் விட்டாரா? துவக்கு திரும்பக் கிடைக்கும் என்று விட்டாரா? முதலில் இருந்தே இரண்டு நிய்யத்தும் சேர்ந்தே இருந்ததா? வாப்பா மவுத்தாகிப் பதினேழு வருஷம்.

அடுத்த நாள் வகுப்பில் முழுக் கதையையும் சொன்னேன். பரண், நிலவு, வெடி, பத்து வீடு, பிறகு அந்த இரண்டு போகம். நன்மையா பாவமா என்ற தீர்ப்பை நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்றே சொன்னேன். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள்.

பின்வாங்குப் பொடியன் மட்டும் மறுபடி கையைத் தூக்கினான்.

"சேர், இறைச்சி எப்பிடி இருந்த?"

"நல்லா இருந்த மகன்" என்றேன்.