கறுப்பு வெள்ளையா... கலரா?

உங்க வீட்டுல அடுத்த கல்யாணம் யாருக்கு? அக்காவுக்கா, அண்ணனுக்கா? யாரா இருந்தாலும் சரி... மண்டபம், மேளம், சமையல் எல்லாம் பேசி முடிச்சதும் ஸ்டுடியோக்கார அண்ணன் ஒரு கேள்வி கேட்பார். "கேண்டிட் படத்துல கொஞ்சம் பிளாக் அண்ட் ஒயிட் போட்டுடலாமா? சூப்பரா இருக்கும்!" உடனே தலையாட்டிடாதீங்க பாஸ்!

எங்க மணலி வீட்டுல அக்கா கல்யாணத்துக்கு இதே கேள்வி வந்தப்போ ரெண்டு கட்சி உருவாச்சு. அம்மா கட்சி: "நல்ல நாள் அதுவுமா இன்னாத்துக்குடி கறுப்பு வெள்ளை? செத்தவங்களுக்கு மாலை போட்டு மாட்டுற படம் மாதிரி!" அக்கா கட்சி: "முழு ஆல்பமும் கறுப்பு வெள்ளைதான் வேணும்!" அவ ஏன் அப்படிக் கேட்டாங்கிறதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

நம்ம தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. கறுப்பு வெள்ளையை விட்டா பெரும்பாலும் வேற வழியில்லை. ஊட்டியில 'இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்'னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருந்தது தெரியுமா? 1960-ல் தொடங்கின கம்பெனி. 'இந்து'ங்கிற பெயர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் தயாரிச்சாங்க. அப்புறம் கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது. ஊட்டி ஆலையும் மூடியாச்சு. ஆனா, அந்தக் காலத்துப் படங்கள் பல வீடுகள்ல இன்னமும் பளிச்னு இருக்கு. 1880-லிருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலா மாத்தி வைக்கிற வேலையை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செஞ்சிருக்கு.

எப்படித் தாங்குச்சு? காரணம், வெள்ளி! அந்தப் படத்துல கறுப்பாத் தெரியறது மை இல்லை, சின்னச் சின்ன வெள்ளித் துகள்கள். கலர் பேப்பர்ல கழுவும்போதே வெள்ளியை எடுத்துடுவாங்க. மிஞ்சறது மூணு சாயம் மட்டும். மூணும் ஒரே வேகத்துல வெளுக்காது. அதனாலதான் எண்பதுகள்ல எடுத்த கலர் போட்டோ எல்லாம் செவசெவன்னு ஆகிக் கிடக்கு. வெள்ளிக்கும் ஒரு எதிரி உண்டு... காத்துல இருக்கற கந்தக வாயு. ஆலைகள் சூழ்ந்த எங்க ஏரியாவுல கொலுசு எப்படிக் கறுக்குதுன்னு எங்களைக் கேளுங்க!

இங்கேதான் ஒரு சூட்சுமம். "கறுப்பு வெள்ளை நூறு வருஷம் நிக்கும்"னு இப்பவும் சொல்றாங்க இல்லையா? அது வெள்ளிக்குத்தான் பொருந்தும். இன்னிக்கு லேப்ல பிரின்ட் ஆகிற கறுப்பு வெள்ளை பெரும்பாலும் அதே கலர் பேப்பர்ல, அதே மூணு சாயத்துலதான் வருது. இல்லேன்னா, இங்க் பிரின்ட். ஸோ, ஆயுசை நம்பி கறுப்பு வெள்ளைக்குப் போகாதீங்க.

அடுத்து, கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு இல்லை! கேமரா எப்பவும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணா பிரிச்சுத்தான் பார்க்குது. அதைக் கறுப்பு வெள்ளையா மாத்த வழக்கமான ஒரு சூத்திரம் இருக்கு. சிவப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டணும். அரக்குக் கலர் புடவைக்கு சிவப்பு 128-னு வெச்சுக்கங்க. விடை 38. பாட்டில் பச்சை பார்டருக்கு பச்சை 65. விடை... அதுவும் 38! ரெண்டும் ஒரே சாம்பல். ஆசை ஆசையா காஞ்சிபுரம் போய் எடுத்த கான்ட்ராஸ்ட் பார்டர் போயே போச்சு! மஞ்சள் கயிறு? சிவப்பு 255, பச்சை 200-னு போட்டா விடை 194. கிட்டத்தட்ட வெள்ளை நூல். அம்மா சூத்திரம் போடாமலேயே இதைத்தான் சொல்லியிருக்காங்க. தாலிக்கயிறு மஞ்சளாத் தெரியலைன்னா மனசு ஏத்துக்குமா?

எங்க பாட்டியோட கல்யாணப் படம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. கூரைப் புடவை என்ன கலர்னு கேட்டா பெரியம்மா அரக்குங்கறாங்க, மாமா பச்சைங்கறார். சொல்ல வேண்டிய பாட்டி இப்போ இல்லை. அந்த பதில் இனிமே யாருக்கும் கிடைக்காது.

சரி, அக்கா விஷயத்துக்கு வர்றேன். அவ நல்ல மாநிறத்துக்கும் ஒரு படி மேல... கறுப்பு. சொந்தக்காரங்க கல்யாண ஆல்பம் எதைத் திறந்தாலும் அவ முகத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். கேட்டா "டச்சப்" பண்ணியிருக்கோம்னு பெருமையாச் சொல்வாங்க. "என் கல்யாணத்துலயாவது நான் நானா இருக்கணும். கறுப்பு வெள்ளைன்னா வெளுக்க முடியாதுல்ல?"ங்கறதுதான் அவ கணக்கு.

ஆனா, முடியும்! மென்பொருள்ல சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடரை ஏத்தினா கறுப்பு வெள்ளையிலயும் முகம் வெளுத்துடும். இது புதுப் பிரச்னையும் இல்லை. கோடாக் கம்பெனி கலர் லேபுகளுக்கு அனுப்பின 'ஷெர்லி கார்டு'ல பல வருஷம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அவங்க தோலுக்குச் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம். பல நிறத்துப் பெண்கள் இருக்கிற கார்டு 1990-களில்தான் வந்தது. கலரும் சரி, கறுப்பு வெள்ளையும் சரி, நம்ம தோலை அதுவாக் காப்பாத்தாது. வாயைத் திறந்து கேட்கணும். அக்கா கேட்டா. "அண்ணே, லைட்டைச் சரியா வைங்க. முகத்துல மட்டும் கை வைக்காதீங்க!" அவர் ஒரு நிமிஷம் முழிச்சார். அப்புறம், "சரிம்மா, நீ சொல்ற மாதிரியே"ன்னுட்டார். ஆல்பம் கலர்லதான் வந்தது. அதுல இருக்கறது அக்காவேதான்.

உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு என் சிபாரிசு இதுதான்...

* அன்னிக்கு எல்லாத்தையும் கலர்லயே, 'ரா' ஃபைலா எடுக்கச் சொல்லுங்க. கலரைக் கறுப்பு வெள்ளையா எப்ப வேணா மாத்தலாம். கலரைத் தூக்கிப் போட்டுட்டு கறுப்பு வெள்ளையா மட்டும் சேமிச்சா, அந்த நிஜக் கலர் திரும்ப வராது.

* தாலி, கூரைப் புடவை, மருதாணி, சீர்வரிசை... கண்டிப்பா கலர்.

* தாரை வார்க்கும்போது அப்பாவோட கண்ணு, சித்திங்க சிரிப்பு, பந்தியில தூங்கிப்போன குட்டிப் பையன்... முகம் மட்டுமே முக்கியம்னா கறுப்பு வெள்ளை ட்ரை பண்ணலாம். பின்னாடி தொங்குற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, நீல சீரியல் லைட்டெல்லாம் அடங்கிடும்.

* ஆல்பத்தோட நிறுத்தாதீங்க. ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கி, ரெண்டு இடத்துல பத்திரப்படுத்துங்க.

* அப்புறம், மறக்காம ஒரு படத்துக்குப் பின்னாடி பேனாவால எழுதி வைங்க. தேதி, யார் யார் நிக்கறாங்க, புடவை என்ன கலர்... உங்க பேத்தி ஒருநாள் கேட்பா!