கரி பிடிச்சு வைக்கும், அழிக்காது

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றவங்க எல்லாரும் கூச்சமே இல்லாம எழுதுற ஒரு வார்த்தை இருக்கு: ரிமூவல். 'ரிமூவல் எஃபிஷியன்சி 98 சதவீதம்'னு போட்டு, கீழ ஒரு கிராஃப் வெச்சா ரிப்போர்ட் முடிஞ்சது. இந்த வார்த்தையோட எனக்கு நாலு மாசமா சண்டை. அதைத்தான் சொல்லப்போறேன். மெக்கானிக்கல், ஐடி மக்களும் தைரியமா படிக்கலாம், ஈக்வேஷன் எதுவும் வராது.

எங்க டாபிக், குடிதண்ணியில இருந்து பீஃபாஸை எடுக்குறது. கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த ஆயிரக்கணக்கான செயற்கை வேதிப்பொருட்களுக்குப் பொதுப் பேர் அது. ஒட்டாத தவா, மழையில நனையாத ஜாக்கெட், பெட்ரோல் தீயை அணைக்கிற நுரைன்னு பல இடத்துல பயன்படுத்தியிருக்காங்க. கரிம வேதியியல்ல இருக்குற ஒற்றைப் பிணைப்புகள்லயே கார்பன்-ஃப்ளூரின் பிணைப்புதான் ரொம்ப வலுவானது. அதனால வெயிலோ பாக்டீரியாவோ இதை லேசுல உடைக்க முடியாது. கொதிக்க வெச்சாலும் தண்ணிதான் ஆவியாகும், இது பாத்திரத்துலயே நிக்கும்.

இந்தக் குடும்பத்துல பீஎஃப்ஓஏங்கிற ஒண்ணு மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல வகைப்படுத்துச்சு. 2024 ஏப்ரல்ல அமெரிக்கா அதுக்கு வெச்ச எல்லை, லிட்டருக்கு 4 நானோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்க. 25 லட்சம் லிட்டர் பிடிக்கிற ஒலிம்பிக் நீச்சல் குளத்துல மொத்தமே 10 மில்லிகிராம்தான் இருக்கலாம். ஒரு அரிசியை உடைச்சா அதுல பாதி.

இப்போ அமெரிக்காவுல வடக்கு கரோலினா மாநிலத்துக்கு வாங்க. வில்மிங்டன்னு ஒரு ஊர். குடிதண்ணி கேப் ஃபியர் ஆத்துல இருந்து வருது. ஆத்தோட மேல்பக்கம், ஃபேயட்வில் பக்கத்துல ஒரு கெமிக்கல் ஆலை. முதல்ல அது டூபான்ட், 2015-க்கு அப்புறம் கெமூர்ஸ். பீஎஃப்ஓஏவுக்குப் பதிலா கொண்டுவந்த ஜென்எக்ஸ்ங்கிற பொருள் ஆத்துத் தண்ணியில இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் 2016-லயே எழுதிட்டாங்க. ஆனா 2017 ஜூன்ல உள்ளூர் பத்திரிகையில வந்த பிறகுதான் ஊருக்கே தெரிஞ்சது. அதுவரைக்கும் நிம்மதியா குழாயைத் திறந்து குடிச்சிருக்காங்க. நிறம் இல்ல, வாசனை இல்ல, எப்படித் தெரியும்? சுத்திகரிப்பு நிலையம் மோசமானதும் இல்ல. ஓசோன் வரைக்கும் வெச்சிருந்தாங்க, அதுக்கும் இது அசையல. கடைசியில 4 கோடி டாலருக்கு மேல செலவழிச்சு, எட்டு பெரிய கார்பன் ஃபில்டர் கட்டி, 2022-ல ஓட விட்டாங்க.

ஓசோன் செய்யாததைக் கரி எப்படி செய்யுது? நான் எல்கேஜியில இருந்தே இங்கிலீஷ் மீடியம். எனக்கு அட்சார்ப்ஷன், அப்சார்ப்ஷன் ரெண்டும் ஒரு எழுத்து வித்தியாசம், அவ்வளவுதான். தமிழ் மீடியத்துல படிச்ச என் ரூம்மேட் ஒரே வரியில சொன்னான்: "ஒண்ணு உறிஞ்சுதல்டா, இன்னொண்ணு பரப்பு கவர்தல்." அந்தப் பேர்லயே விஷயம் இருக்கு. ஸ்பாஞ்ச் தண்ணியை உள்ளே இழுக்கிற மாதிரி கரி இழுக்குறதில்ல. அதோட பரப்புல வந்து ஒட்டுது. ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பனுக்குள்ள இருக்குற நுண்துளைகளோட பரப்பு கிட்டத்தட்ட 1000 சதுர மீட்டர், ரெண்டு பாஸ்கெட்பால் கோர்ட்டை விடப் பெருசு. பீஃபாஸ் மூலக்கூறோட ஃப்ளூரின் வால் தண்ணியை வெறுக்கும். ஒதுங்க இடம் கிடைச்சா போதும்னு கரியில போய் ஒட்டிக்கும். ஆனா ஒட்டினதுதான், உடையல.

இடம் இருக்குற வரைக்கும்தான் இந்தக் கதை ஓடும். எங்க லேப்ல பீஃபாஸை நானோகிராம்ல அளக்குற மெஷின் கிடையாது. அதனால கண்ணாடிக் குழாய்ல கொட்டாங்குச்சிக் கரியை நிரப்பி, முதல்ல மெத்திலீன் ப்ளூ சாயத்தை விட்டுப் பார்த்தோம். ரெண்டு நாள் கீழே தெளிவான தண்ணி. மூணாவது நாள் மதியம் லேசா நீலம் எட்டிப் பார்த்துச்சு, சாயங்காலத்துக்குள்ள நல்லாவே நீலம். அதைப் பார்த்துக்கிட்டு நிக்கும்போது எனக்கு வில்மிங்டன் ஞாபகம்தான். இங்கே நீலம் காட்டிக்குடுக்குது, அங்கே எது காட்டிக்குடுக்கும்? விடாம சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்றது ஒண்ணுதான் வழி.

இதுல இன்னொரு சிக்கல். நீளமான சங்கிலி உள்ள பீஃபாஸ் கரியை நல்லாப் பிடிச்சுக்கும். சின்னச் சங்கிலி சீக்கிரமே வெளியே வரும். அதுவும் சும்மா வராது. பெருசுங்க வந்து இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, ஏற்கனவே ஒட்டியிருந்த சின்னதுங்க தள்ளப்படும். அந்த நேரத்துல உள்ளே போற தண்ணியை விட வெளியே வர்ற தண்ணியில அந்தச் சின்னது அதிகமா இருக்கலாம்! பஸ்ல படிக்கட்டுல நின்னவனை அடுத்த ஸ்டாப் கூட்டம் இறக்கி விடுற மாதிரி.

சரி, நிறைஞ்ச கரி எங்கே போகும்? உலையில போட்டு ரொம்ப அதிக வெப்பத்துல சூடாக்கி மறுபடி பயன்படுத்துவாங்க, இல்லன்னா எரிப்பாங்க, இல்லன்னா குப்பைக் கிடங்குல புதைப்பாங்க. புதைச்சா அது எப்பவாவது மழைத் தண்ணியோட கசியலாம். எரிச்சா வெப்பம் போதணும், புகையையும் பிடிக்கணும். வீட்டு ஃபில்டருக்கும் இதே கதைதான். 2020-ல அமெரிக்காவுல வீட்டு ஃபில்டர்களை வெச்சு நடந்த ஒரு ஆய்வுல, கார்பன் மட்டும் உள்ளது சராசரியா 73 சதவீதம் பீஃபாஸைக் குறைச்சது, ஒண்ணுக்கொண்ணு ஏகப்பட்ட வித்தியாசம். ஆர்ஓ 94 சதவீதத்துக்கு மேல. ஆனா ஆர்ஓ பிரிச்சதும் அழியாது. வேஸ்ட் தண்ணிக் குழாய் வழியா சாக்கடைக்குத்தான் போகும்.

நான் கார்பனுக்கு எதிரி இல்லைங்க. வில்மிங்டன்ல ஒரு அம்மா இன்னைக்குப் பயமில்லாம குழந்தைக்குப் பால் கரைக்க முடியுதுன்னா அது அந்த எட்டு ஃபில்டராலதான். ஆனா கரியை மாத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கு வருஷா வருஷம் பணம் வேணும், அது அந்த ஊர்க்காரங்க தண்ணி பில்லுலதான் ஏறுது. 2019-ல நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு, ஆலையில காத்துல போறதை எரிச்சு அழிக்கிற அமைப்பு வந்துச்சு, ஆத்துக்குப் போறதையும் குறைக்க வேண்டியதாச்சு. மேலே ஒரு கிராம் நின்னா, கீழே அதைப் பிடிக்கிற கரி மிச்சம். இதைக் கண்டுபிடிக்க பி.டெக் வேண்டாம், ஆனா நம்ம சிலபஸ்ல எல்லாமே ஃபில்டர்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

அதனால எங்க ரிப்போர்ட்ல நிறைஞ்ச கரி எங்கே போகும்னு ரெண்டு பக்கம் சேர்க்கணும்னு சொன்னேன். டீம்ல ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. "எக்ஸ்டர்னல் அதுலதான் கேள்வி கேட்பாரு, பதில் நம்மகிட்ட இல்லையே"ன்னு பயம். நியாயமான பயம்தான், முழுப் பதில் எங்ககிட்ட இல்ல. ஒரு வாரம் இழுத்து, கடைசியில அந்த ரெண்டு பக்கம் உள்ளே போயிடுச்சு. தலைப்புல இருந்த 'ரிமூவல்' மட்டும் போகல, ஃபார்மட் அப்படியாம்.

அடுத்த வாரம் வைவா. உங்க ரிப்போர்ட்லயும் அந்த வார்த்தை இருந்தா, பைண்டிங் குடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல பென்சில்ல 'எங்கே போச்சு?'ன்னு எழுதிப் பாருங்க. பதில் கிடைச்சா எனக்கும் சொல்லுங்க, எக்ஸ்டர்னல் கேட்டா உதவும்.