“மார்க் எவ்வளவு?” - ஆயக்குடி மாமியாரும் மருமகளும் ஆடிய ‘ஜோடி’

திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குப் போகும் வழியில், ஆயக்குடி வந்துவிட்டதைச் சீசன் நாள்களில் மூக்கே சொல்லிவிடும். அப்படியொரு கொய்யா வாசம். அந்த ஊரில் கொய்யா தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அந்த அத்தை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பழுத்தது, செங்காய், அடிபட்டது என்று காய்களைப் பிரித்துப் போட அவருக்குக் காய் ஒன்றுக்கு இரண்டு நொடி போதும். டி.வி-யில் ஆடுகிறவர்களையும் அதே வேகத்தில்தான் பிரிப்பார்.

வீட்டுக்கு டி.வி வந்தது, அரசு கொடுத்த இலவச கலர் டி.வி-யாக. 2006-ல் தொடங்கிய திட்டம் அவர்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த சமயத்தில்தான் மருமகளும் அந்த வீட்டுக்கு வந்தார். இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் வீட்டில் சண்டை நடக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு அளந்துதான் இருந்தது. “உப்பு போட்டாச்சா?”, “போட்டாச்சுங்க அத்தை.” அவ்வளவுதான்.

விஜய் டி.வி-யில் ‘ஜோடி நம்பர் ஒன்’ 2006-லேயே வந்துவிட்டது. மறுவருடம் கலைஞர் டி.வி தொடங்கியதும், கலா மாஸ்டரின் ‘மானாட மயிலாட’வும் சேர்ந்துகொண்டது. முதல் நாள் அத்தை பார்த்த பார்வையே வேறு. “அடுத்தவன் பொண்டாட்டி இடுப்பைப் புடிச்சிக்கிட்டு என்னடா ஆட்டம்?” என்று எழுந்து போய்விட்டார். ஆனால், பத்தே நிமிடத்தில் அரிசி பொறுக்குகிற சாக்கில் முறத்தோடு திரும்பி வந்தார். காரணம், ஆடியவர் தெரிந்த முகம். சீரியலில் குடும்பத்தையே ஆட்டிவைக்கிற வில்லி, இங்கே ஸ்டெப்பை மறந்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். “அட, இவளுக்கும் பயம் வருதே!” என்றார் அத்தை.

அதிலிருந்து ஒரு எபிசோடு தப்பாது. கரன்ட் போனால் மின்வாரியத்துக்கு விழும் திட்டு மூன்று வீடு தாண்டிக் கேட்கும். கலா மாஸ்டர் “கிழி கிழி” என்று கிளம்பும்போது முறத்தில் அரிசி துள்ளும். ஒருநாள் கேட்டார், “அது என்ன புள்ள, கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரிங்கிறாங்க?” மருமகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிளஸ் டூ-ல எனக்கு வராத பாடம் அத்தை” என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

அத்தையின் தரம் பிரித்தலில் ஒரு விநோதம் உண்டு. நன்றாக ஆடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. “அதுக்குத் தெரிஞ்சத அது ஆடுது. இதுல நான் பாக்க என்ன இருக்கு?” என்பார். ஆடத் தெரியாமல் வந்து, வாரா வாரம் ஒரு நூல் அளவு தேறுகிற ஆள்தான் அவர் கட்சி. மிமிக்ரி மேடையிலிருந்து ‘ஜோடி’க்கு வந்த சிவகார்த்திகேயன் அப்படித்தான் அவருக்குப் பிள்ளையானார். பின்னால் ‘மெரினா’வில் அவர் ஹீரோவானபோது, ஏதோ தானே மார்க் போட்டு அனுப்பியதுபோல் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடுவர் சிம்புவும் போட்டியாளர் பப்லுவும் மோதிக்கொண்ட எபிசோடில் ஊரே யார் பக்கம் நியாயம் என்று பிரிந்து நின்றது. அத்தை மட்டும், “மார்க் போட்டா வாங்கிக்கணும். சந்தையில நான் கழிச்ச காய எவனாவது கேட்டிருக்கானா?” என்று வழக்கை முடித்துவிட்டார்.

ஆயக்குடி அத்தையின் கட்சிக்கு லண்டனிலும் ஆள் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. பிரபலங்களைப் பால்ரூம் நடனம் ஆடவைக்கும் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’கை பி.பி.சி 2004-ல் தொடங்கியது. முதல் சீசனில் ஜெயித்ததே நடாஷா கப்லின்ஸ்கி என்ற செய்தி வாசிப்பாளர்தான். 2008-ல் ஜான் சார்ஜென்ட் என்ற அரசியல் நிருபர் ஆடினார். ஆடினார் என்றா சொல்வது, நடந்தார். நடுவர்கள் மார்க்கைக் கிள்ளிக் கொடுக்க, மக்கள் ஓட்டை அள்ளிக் கொடுத்தார்கள். கடைசியில், ‘இப்படியே போனால் நான் ஜெயித்துவிடுவேனோ’ என்று பயந்து அவரே விலகிக்கொண்டார். அதே நிகழ்ச்சியின் இந்தி வடிவமான ‘ஜலக் திக்லா ஜா’வில் 2009-ல் பட்டம் வென்றவர் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா. பந்தை உதைத்துப் பழகிய கால் அது.

அங்கெல்லாம் ஒரு வசதி இருக்கிறது. பிரபலத்துக்கு ஜோடி இன்னொரு பிரபலம் இல்லை, நடனத்தையே தொழிலாகக் கொண்டவர். அவர் எதிரே நின்று கையைப் பிடித்துக்கொள்வார். பார்ட்னர் முன்னே ஓர் அடி வைத்தால் இவர் பின்னே ஓர் அடி வைப்பார். தடுமாறினால் தன் உடம்பில் தாங்கிக்கொண்டு, பார்ப்பவருக்குத் தெரியாமல் அடுத்த ஸ்டெப்புக்கு நகர்த்திவிடுவார். நம் ஊர் ‘ஜோடி’யில் இருவருமே சீரியல்காரர்கள்தான். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மேடைக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

போன ஐப்பசி மழையில் வாசல் பாசியில் வழுக்கி அத்தை விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் அசையவில்லை. வலியைவிட பயம். இன்னொரு தடவை விழுந்தால் எழவே முடியாது என்று மனசில் விழுந்துவிட்டது. “அந்தக் கம்பியப் புடிச்சா நான் கிழவி ஆயிடுவேன்” என்று வாக்கரையும் தள்ளிவிட்டார். மகன் கெஞ்சினார், கத்தினார், பிறகு வேலைக்குப் போனார். அத்தை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். அடிக்கடி எழுப்பச் சொல்லவேண்டி வருமே என்ற கூச்சம்.

மருமகள் ஒருநாள் செல்போனில் சுதா சந்திரனைக் காட்டினார். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மேடையேறியவர். ‘மயூரி’ என்று அவர் கதையே படமானது. 2007-ல் ‘ஜலக்’ போட்டியிலும் ஆடினார். அத்தை முழுசாகப் பார்த்தார். பிறகு, “அவ சின்ன வயசு. ஆடத் தெரிஞ்சவ. எனக்கு என்ன தெரியும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்களுக்குத்தான் ஆடத் தெரிஞ்சவங்களைப் பிடிக்காதே அத்தை” என்றார் மருமகள்.

பதில் இல்லை. மருமகள் கட்டிலுக்கு எதிரே வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். கொஞ்ச நேரம் அந்தக் கைகள் அப்படியே நீண்டிருந்தன. பிறகு அத்தை பிடித்துக்கொண்டார். மருமகள் பின்னால் ஓர் அடி. அத்தை முன்னால் அரை அடி. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே எட்டே அடி தூரம். போய்ச் சேரும்போது இருவர் ஜாக்கெட்டும் நனைந்திருந்தது.

மறுநாள் ஏழாவது படிக்கும் பேத்தி நடுவராகிவிட்டாள். “மூணு மார்க்.”

“மூணா? எதுக்குடி மூணு? நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு அடி கூட வெக்கல?”

“மார்க் போட்டா வாங்கிக்கணும் அப்பத்தா.”

அத்தை பப்லுவை மிஞ்சிவிட்டார். அரை மணி நேரம் வாதாடி மூன்றரை வாங்கினார். மார்கழியில் வாசல்வரை. மார்க் ஐந்து. கெமிஸ்ட்ரி போதவில்லை என்று பேத்தி குறைத்தபோது, அத்தை மருமகளைப் பார்த்துக் கண்ணடித்ததாகத் தெருவில் பேச்சு.

தைப்பூசத்துக்கு முதல் நாள், திண்டுக்கல் பக்கமிருந்து பாதயாத்திரைக் கூட்டம் காவடியோடு ஆயக்குடி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அத்தை ரோட்டோரம்வரை வந்துவிட்டார். ஒரு கை மருமகள் தோளில். மேளத்துக்கு இளவட்டங்கள் காற்றாய்ச் சுழன்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், தாளம் பிடிபடாமல் காலை மாற்றி மாற்றி வைத்துத் தடுமாறி வந்துகொண்டிருந்த ஒரு தொப்பைக்காரரைக் காட்டி, “புள்ள, அங்க பாரு. அந்த நீலச் சட்டை” என்றார். “பழநி போறதுக்குள்ள புடிச்சிருவான்.”