மூணாவது பாட்டில் சொன்ன சேதி... பள்ளிப்பட்டில் ஒரு பழைய டீசல் காரின் கதை!

திருத்தணியில் அந்த மருந்துக் கடை முன்னால் வண்டி நின்றது பத்தே நிமிடம்தான். மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

மே மாத வெயில். பின் சீட்டில் அம்மா படுத்திருக்கிறார். வயது 68. அன்று காலைதான் திருவள்ளூரில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் முடிந்திருந்தது. அது முடிந்து வரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. ஏசி இல்லாத காருக்குள் அந்த வெயிலில் அவரை வைத்திருக்கவும் முடியாது, இறக்கி நடக்க வைக்கவும் முடியாது. மருந்துக் கடைக்காரர் உள்ளே இருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஸ்டார்ட் ஆனது.

பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுபவர் அவர். தறிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். 2012-ம் ஆண்டு மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் காரை 2019-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். விலை 3,40,000 ரூபாய். ஓடாமல் கிடந்த இரண்டு தறிகளை விற்று, மனைவியின் சங்கிலியை அடகு வைத்துச் சேர்த்த பணம் அது. வாங்கும்போது மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர் காட்டியது. கல்யாணம், காதுகுத்து, திருப்பதி என்று குடும்பத்தோடு போய்வரத்தான் வாங்கினார்கள். நாலு வருடத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெடும் என்றும், வாரம் இரண்டு முறை அந்த வண்டிதான் ஆஸ்பத்திரிக்கு ஓடும் என்றும் யாருக்குத் தெரியும்?

செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். போகவர சுமார் 130 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கிறது. வாரத்துக்கு 13 லிட்டர், ஏறக்குறைய 1,200 ரூபாய். இதே பயணத்துக்கு வாடகைக் கார் பிடித்தால் ஒரு நாளைக்கே 2,000 கேட்கிறார்கள். பஸ்ஸில் கூட்டிப்போகிற உடம்பு இல்லை அம்மாவுக்கு. ஆக, அந்த வீட்டில் கார் என்பது சொகுசு இல்லை. கார் நின்றால் சிகிச்சை நிற்கும்.

அதனால்தான் திருத்தணியில் வண்டி படுத்த அன்று இரவு தறிக்காரருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஸ்கேனரை மாட்டினார்கள். பதினைந்து நிமிடத்தில் எஸ்டிமேட் வந்தது. இன்ஜெக்டர் நாலும் மாற்ற வேண்டும், ஹை பிரஷர் பம்பும் போயிருக்கலாம், எதற்கும் அதையும் மாற்றிவிடுவது நல்லது. மொத்தம் 85,000. வண்டியை இன்று விற்றாலே எவ்வளவு வரும்? 'யோசிச்சு சொல்றேன்' என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா சொன்ன பேச்சு வேறு. "தூக்கிப் போட்டுட்டு பெட்ரோல் வண்டி வாங்கலாங்க. யாரு இப்ப டீசல் வாங்குறா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அப்போது வீட்டுக்கு வீடு டீசல் கார் வாங்கினார்கள். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கின. தமிழ்நாட்டில் இன்று அந்த வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. சின்ன இன்ஜினை அந்த விதிக்கு ஏற்ப மாற்றும் செலவு கட்டுப்படியாகவில்லை. டெல்லியில் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே கழித்துக்கட்டும் வண்டிகள் தெற்கே வந்து சேருவதால் பழைய டீசல் காரின் விலை இன்னும் கீழே இறங்கியது. 'டெல்லி வண்டி சல்லிசா வருது' என்று யாராவது சொன்னால், இங்கே மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த இன்ஜினுக்கு ஒரு பெருமை உண்டு. 1,248 சி.சி. கொண்ட இந்த 1.3 லிட்டர் இன்ஜின் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துடையது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று ஏகப்பட்ட கார்களில் இதே இன்ஜின்தான். கார் பத்திரிகைகள் 'தேசிய இன்ஜின்' என்றே செல்லப் பெயர் வைத்தன. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. இதைப் பிரித்துப் போட்ட அனுபவம் இல்லாத மெக்கானிக்கும் அபூர்வம். இதே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் செய்த மிட்சுபிஷி லான்சர் டீசல் காரை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொந்த மாவட்டத்தில் பிறந்த வண்டிக்கே ஸ்பேர் தேடி அலைந்த கதையைச் சொல்வார்கள்.

பள்ளிப்பட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேச்சு. நகரி பக்கமிருந்து வந்து ஷெட் போட்டிருக்கும் இளைஞர் ஒருவர் டீசல் வண்டி மட்டும் பார்க்கிறார். தறிக்காரர் அவரிடம் போனார். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, காலையில எடுக்கலையா, சூட்டுல எடுக்கலையா?"

"காலையில ஒரே தட்டுல எடுக்குது. ஓடிட்டு நிறுத்தினாதான் எடுக்க மாட்டேங்குது."

"அப்ப ஹீட்டர் பிளக் இல்ல, பேட்டரி இல்ல. இன்ஜெக்டர்ல எங்கயோ லீக்கு. ஆனா நாலும் போயிருக்கும்னு யாரு சொன்னது?"

விஷயம் இதுதான். இந்த மாதிரி காமன் ரயில் டீசல் இன்ஜினில் ஒரு பம்ப், டீசலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தி வைக்கிறது. ஓடும்போது அந்த அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் அதிலிருந்து எடுத்து சிலிண்டருக்குள் பனிபோல் பீய்ச்சும். வேலைக்குப் போக மிஞ்சும் டீசல் கொஞ்சம், ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பிவிடும். உள்ளே தேய்மானம் இருந்தால் அந்தக் 'கொஞ்சம்' அதிகமாகிவிடும். சூடான டீசல் நீர்த்துப்போவதால் இன்னும் வேகமாக ஒழுகும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும் அந்த நேரத்தில் குழாயில் போதிய அழுத்தம் ஏறாது. அழுத்தம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது.

"ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுடுமே, அந்த மாதிரியா?" என்றார் தறிக்காரர்.

"அதேதான் அண்ணா."

மெக்கானிக் உள்ளே போய் நாலு ட்ரிப்ஸ் டியூபும் நாலு பிளாஸ்டிக் பாட்டிலும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஏற்றுகிற அதே மாதிரி டியூப். ரிட்டர்ன் குழாயைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு டியூபை மாட்டி, நான்கையும் வரிசையாகத் தொங்கவிட்டார். இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பாட்டில்களில் டீசல் விரற்கடை அளவு ஏறியபோது மூன்றாவது பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் குறைவு, அதனால் டியூப் தாங்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் இரும்புக் குழாயை இன்ஜின் ஓடும்போது தளர்த்தினால், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே இழக்க நேரிடும் காயம் அது.

குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆனால் அன்று செவ்வாய் மாலை. வெள்ளி விடியற்காலை வண்டி வேண்டும்.

இன்ஜெக்டர் அவ்வளவு சுலபத்தில் வெளியே வரவில்லை. கரி ஏறி, உள்ளேயே இறுகியிருந்தது. நெம்பினால் உடையும், உடைந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டார். புதன் காலை மெல்ல அசைத்து அசைத்து எடுத்ததற்கே மதியம் ஆனது. தறிக்காரர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு திருவள்ளூரில் ஒரு டீசல் பம்ப் கடைக்குப் பஸ் ஏறினார். அங்கே டெஸ்ட் பெஞ்சில் மாட்டிப் பார்த்து, வால்வும் நாசிலும் தேய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். வியாழன் மதியம்தான் கைக்கு வந்தது. திரும்ப மாட்டும்போது அடியில் புது செப்பு வாஷர். பழைய வாஷரையே போட்டால் அந்த இடுக்கில் புகை கசிந்து மறுபடி கரி கட்டும். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் எண்ணை ஸ்கேனரில் ஏற்றி முடிக்க இரவு ஒன்பதரை ஆனது. டீசல் லைனில் காற்றை எடுத்து, செல்ஃப் போட்டதும் முதலில் ஒரு தள்ளு வெள்ளைப் புகை, பிறகு சீரான சத்தம்.

செலவு, பம்ப் கடைக்கும் ஷெட்டுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 9,500 ரூபாய்.

கிளம்பும்போது மெக்கானிக் பழைய டீசல் ஃபில்டரைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புக் குழம்பு, அடியில் தண்ணீர். வண்டி வாங்கியதிலிருந்து அதை மாற்றவே இல்லை. ஆயில் மாற்றும்போது கூடவே மாற்றியிருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். தறிக்காரர் அன்றைக்குப் பேசவே இல்லை என்கிறார் மனைவி. தறியில் ஒரு திருகு தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர் அவர்.

அதற்குப் பிறகு தறிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, வண்டிக் கணக்கு எழுத ஆரம்பித்தார். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை 7,500-லேயே மாற்றுகிறார். மாதம் 1,100 கிலோமீட்டர் ஓடுவதால் ஏழு மாதத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்துக்கு முன்பே வடித்துவிடுகிறார். திருத்தணி ரோட்டில் வேகமாக வந்து நிறுத்தினால் உடனே சாவியை அணைப்பதில்லை, ஒரு நிமிடம் ஓடவிடுகிறார். டர்போவின் தண்டு ஆயிலில் மிதந்துதான் சுற்றுகிறது. சூட்டோடு அணைத்தால் அந்த ஆயில் அங்கேயே கருகும். 'என்னடா, வண்டிக்கு மூச்சு வாங்கணுமா?' என்று அம்மா கேட்பாராம்.

வாரம் இரண்டு நீண்ட ஓட்டம் ஒருவகையில் இன்ஜினுக்கு நல்லதாகவும் போயிற்று. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் டீசல் காரை ஓட்டினால் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி சேர்ந்து, பிக்கப் போய், கறுப்பாகப் புகை தள்ளும். அந்தத் தொல்லை இவருக்கு இதுவரை வரவில்லை.

வந்த தொல்லை வேறு. பள்ளிப்பட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆந்திராவில் மழை வலுத்து அம்மபள்ளி அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு புரண்டு வரும், தரைப்பாலங்கள் மூழ்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஹெட்லைட் வெளிச்சத்தில் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும் என்று தோன்றியது. சிகிச்சைக்கு நேரமாகிறது. முன்னால் ஒரு கார் இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அதை ஓட்டியவர் விடாமல் செல்ஃப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இன்ஜின் உறிஞ்சும் காற்றோடு தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நேரம் மறுபடி மறுபடி செல்ஃப் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் இப்படித்தான் வீணாயின. இன்ஜினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. தண்ணீரில் நின்ற வண்டியைத் தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

தறிக்காரர் கிளட்சில் கால் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"திருப்புடா. ஒரு மணி நேரம் லேட்டானா நான் செத்துட மாட்டேன். வண்டி போச்சுன்னா அடுத்த வாரம் எதுல போவ?" என்றார் அம்மா.

திருப்பினார். சுற்றுவழியில் போய்ச் சேரும்போது எட்டு மணி. நர்ஸிடம் திட்டு வாங்கி, மதிய ஷிஃப்டில் இடம் கிடைத்தது. அதற்கு முன்னால், நின்ற காரை நாலு பேரோடு சேர்ந்து கரைக்குத் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

2027-ல் வண்டிக்குப் பதினைந்து வயது ஆகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. பாடியில் ஒரு இடத்தில் துரு தெரிகிறது, கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. சாலையோர சந்தையில் இரண்டு லட்சம் வரை கேட்டார்கள், கொடுக்கவில்லை. நோட்டில் 'கிளட்ச் பிளேட் – தை மாதம்' என்று எழுதி, பக்கத்தில் தொகையை மட்டும் இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் அம்மா பின் சீட்டில் படுத்தபடியே செல்ஃப் எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுகிறார். போன வெள்ளிக்கிழமை திருத்தணியில் அதே மருந்துக் கடை முன்னால் நின்று கிளம்பும்போதும் எண்ணினார்.

"ரெண்டு" என்றார். தறிக்காரர் கியர் போட்டார்.