ஒரு மில்லிமீட்டர் பாடம்

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதலைப் பழகப் போன புதிதில், குழல் முனை குறுகக் குறுகக் குறி தப்பாது என்று நினைத்து, முனையை நன்றாக இறுக்கும் ஃபுல் சோக்கைத் திருகிக்கொண்டு நின்றேன். 25 களிமண் தட்டில் உடைந்தது ஆறுதான்.

கோச் ஒன்றும் சொல்லவில்லை. 20 மீட்டரில் வெள்ளைத் தாளை நிறுத்தி, "சுடுங்க தம்பி" என்றார். ஈயக்குண்டுகள் ஒரு முறம் அகலத்துக்குள் அடைந்து கிடந்தன. அதிகம் இறுக்காத ஸ்கீட் சோக் மாட்டிச் சுட்டதும், குடை விரித்ததுபோல் பரவின.

"ட்ராப் போட்டியில தட்டு நம்மள விட்டு விலகி ஓடும். 30, 35 மீட்டர்ல பிடிக்கணும், அதுக்கு இறுக்கம் வேணும். இங்க பக்கத்துலயே குறுக்க போகுது. எதுக்கு இறுக்குறீங்க?"

12 போர் குழலில் இந்த இரண்டு சோக்குகளுக்கும் முனை அளவில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளின் படிப்பு அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினேன்.